அந்தப் பெயர்களையும் எழுதுங்கள்: பொருளறிவியல் சங்கத்தின் விருதுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

விருதுக் குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

பள்ளி மாணவர்களின் பொருளறிவியல் (உலோகம், கண்ணாடி போன்ற பொருட்கள் ஏன் வளைகின்றன, ஏன் உடைகின்றன என்று ஆராயும் துறை) கல்விக்குத் துணை நிற்பவர்களுக்கு நீங்கள் வழங்கிவந்த பாராட்டுச் சான்றிதழை இந்த ஆண்டோடு நிறுத்துவதாக அறிவித்திருக்கிறீர்கள். காரணத்தை ஒரே வரியில் சொல்லியிருக்கிறீர்கள்: தகுதியான பரிந்துரைகள் வரவில்லை. அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. பரிந்துரை அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி. அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு ஒருவராக மூன்று பேரின் பெயரை அனுப்பினேன். மூன்று முறையும் தகுதி விதிகளுக்கு உட்படவில்லை என்ற பதில்தான் கிடைத்தது. பரிந்துரைகள் வந்துகொண்டுதான் இருந்தன. உங்கள் படிவம்தான் அவர்களை உள்ளே விடவில்லை.

அவர்கள் யார், என்ன செய்தார்கள் என்பதை அந்தப் படிவத்தின் கட்டங்களுக்குள் என்னால் எழுத முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். அவர்களைக் கேட்காமல் பொதுவில் பெயர் போடுவது முறையல்ல என்பதால் பெயர்களை விட்டுவிடுகிறேன். உங்கள் கோப்புகளில் அவை இருக்கின்றன.

நான் 22 ஆண்டுகளாகப் பள்ளியில் அறிவியல் சொல்லித்தருகிறேன். பொருளறிவியலுக்குப் பள்ளியில் தனிப் பாடவேளை கிடையாது, தனிப் புத்தகம் கிடையாது, தேர்வில் கேள்வியும் கிடையாது. இயற்பியலில் விசை, வெப்பம், மின்சாரம் என்று போகிறோம். வேதியியலில் தனிமம், சேர்மம், வினை என்று போகிறோம். கம்பி ஏன் வளைகிறது, கண்ணாடி ஏன் வளையாமல் உடைகிறது, ஒரே பேப்பர் கிளிப்பை நாலைந்து முறை முன்னும் பின்னும் வளைத்தால் ஏன் முறுக்கேறிக் கடைசியில் ஒடிகிறது என்று ஒரு பிள்ளை கேட்டால், அந்தக் கேள்வி இரண்டு பாடத்துக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது. அதை எடுத்துப் பதில் சொல்ல வெளியிலிருந்து யாராவது வர வேண்டியிருக்கிறது.

கருவியும் அப்படித்தான். எங்கள் பள்ளியில் நல்ல நுண்ணோக்கிகள் இருக்கின்றன. ஆனால் அவை உயிரியலுக்கானவை. வெளிச்சம் அடியிலிருந்து மேலே வரும், வெங்காயத் தோல் வழியாக ஊடுருவிக் கண்ணுக்கு வரும். உலோகத்துண்டை அதில் வைத்தால் கறுப்புதான் தெரியும். உலோகத்தைப் பார்க்க, ஒளி மேலிருந்து விழுந்து திரும்பி வரும் நுண்ணோக்கி வேண்டும். அது இருக்கும் இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டும், அல்லது அதை வைத்திருப்பவர் மனம் வைக்க வேண்டும். மற்ற பாடங்களுக்கு ஆசிரியர் போதும். இந்தத் துறைக்கு, ஆசிரியர் தவிர இன்னொரு ஆள் எப்போதும் தேவைப்படுகிறார்.

நான் முதலில் பரிந்துரைத்தவர் அப்படிப்பட்ட ஒருவர். ஒரு பொறியியல் கல்லூரியின் உலோகவியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தார். அவரைத் தேடிப் போனதே ஒரு சோதனையில் தோற்றுவிட்டுத்தான். கொண்டை ஊசிகளை வைத்துச் செய்யும் சோதனை அது. உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு ஊசியை அப்படியே விடுவது. அது சுருள்வில் மாதிரித் திரும்பி வரும். இரண்டாவதைச் சிவக்கச் சூடாக்கி மெதுவாக ஆறவிடுவது. அது மெத்தென்று வளைந்து வளைந்தபடியே நிற்கும். மூன்றாவதைச் சிவக்கச் சூடாக்கிச் சட்டென்று தண்ணீரில் முக்குவது. அது வளையாமல் படக்கென்று ஒடிய வேண்டும். வகுப்பில் நான் செய்தபோது மூன்றாவது ஊசியும் இரண்டாவதைப் போலவே மெத்தென்று வளைந்தது. நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புத்தகத்தில் போட்டிருப்பது பொய்யா என்று ஒரு பெண் கேட்டாள்.

அந்த உதவியாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "தண்ணீரை எங்கே வைத்திருந்தீர்கள், டீச்சர்?" மேசையின் அந்தப் பக்கம், பிள்ளைகள் கைபடாமல் இருக்கட்டும் என்று வைத்திருந்தேன் என்றேன். "ஊசி மெல்லிசு. நீங்கள் கையை அந்தப் பக்கம் கொண்டுபோவதற்குள் காற்றிலேயே ஆறிவிடும். கிண்ணத்தைச் சுடரை ஒட்டி வையுங்கள். குறடைத் திறந்தால் நேரே தண்ணீரில் விழ வேண்டும்." அப்புறம் இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். ஊசி முனையில் இருக்கும் பிளாஸ்டிக் மொட்டை முதலிலேயே கழற்றிவிட வேண்டும், அது எரிந்தால் வரும் புகை பிள்ளைகளுக்கு ஆகாது. போதுமான சூடு வந்ததா என்று நிறத்தை மட்டும் நம்பாமல் காந்தத்தை வைத்துப் பார்க்கலாம். எஃகு அந்த நிலைக்கு வந்ததும் காந்தம் அதைப் பிடிக்காது.

இந்த மூன்றும் எந்தப் பாடநூலிலும் எனக்குக் கிடைக்கவில்லை. உலைக்கு முன்னால் பல ஆண்டுகள் நின்ற ஒருவரின் கைக்குள் இருந்தது. மறுநாளே செய்தேன். மூன்றாவது ஊசி ஒடிந்தது. பொய்யா என்று கேட்ட பெண் அந்த இரண்டு துண்டையும் தாளில் மடித்து வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

அதற்குப் பிறகு அவரே எங்களைக் கூப்பிட்டார். ஆறு சனிக்கிழமைகள், பதினோரு பிள்ளைகள். முதல் நாள் அவர் ஒரு விளக்கமும் கொடுக்கவில்லை. ஆளுக்கொரு எஃகுத் துண்டும் உப்புத்தாளும் கொடுத்து, கொரகொரத் தாளில் தொடங்கித் தேய்க்கச் சொன்னார். 240, 400, 600 என்று ஒவ்வொரு தாளாக நைஸாகிக்கொண்டே போகும். தாள் மாற்றும்போதெல்லாம் துண்டைக் குறுக்கே திருப்பித் தேய்க்க வேண்டும், முந்தைய தாள் போட்ட கீறல் ஒன்று பாக்கியில்லாமல் மறைந்த பிறகுதான் அடுத்த தாள். அவசரப்பட்டவர்களின் துண்டை வாங்கிப் பார்த்து, "இன்னும் பழைய கோடு இருக்கு பாப்பா" என்று திருப்பிக் கொடுப்பார். குரலை உயர்த்தியதே இல்லை. ஒன்றரை மணி நேரம் தேய்த்த பிறகு துண்டில் தன் முகம் தெரிந்ததைப் பார்த்த பிள்ளையின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அமிலம் தடவும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்காமல் கையுறை போட்டு அவரே செய்தார். பிறகு ஒவ்வொருவரையும் நுண்ணோக்கியில் உட்கார வைத்தார். மெதுவாக ஆறிய எஃகில் கோடு கோடாக அடுக்குகள். தண்ணீரில் முக்கியதில் ஊசி ஊசியாக ஒரு குழப்பம்.

காரணத்தை அப்போதுதான் சொன்னார். சுமார் 727 டிகிரி செல்சியஸுக்கு மேலே போகும்போது இரும்பின் அணு அடுக்கு மாறுகிறது, எஃகில் இருக்கும் கரி (கார்பன்) அதற்குள் கரைந்துகொள்கிறது. மெதுவாக ஆறவிட்டால் கரி வெளியே வந்து தனி அடுக்காக உட்கார நேரம் கிடைக்கிறது. சட்டென்று குளிரவைத்தால் வெளியே வர நேரமில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. அடுக்கு இழுபட்டு இறுகுகிறது, கடினமாகிறது, கூடவே ஒடியும் தன்மையும் வந்துவிடுகிறது. எல்லாத் தேர்விலும் பின்தங்கியே இருந்த ஒரு பையன் கேட்டான்: "அப்போ நேரம் மட்டும்தான் வித்தியாசமா?" அவர் சொன்னார்: "நேரம் மட்டும்தான் தம்பி. அதே இரும்பு, அதே நெருப்பு." கடினமாக்கிய ஊசியை மறுபடி மெல்லச் சூடாக்கி, மேற்பரப்பு முதலில் வைக்கோல் நிறமாகி, பழுப்பாகி, 300 டிகிரி வாக்கில் நீலமாகும்போது நிறுத்தினால் சுருள்தன்மை திரும்பி வருவதையும் அந்தப் பையனைக் கொண்டே செய்ய வைத்தார்.

இவருக்கான உங்கள் பதில் என்னிடம் இருக்கிறது. பரிந்துரைக்கப்படுபவர் கற்பிக்கும் பணியில் இல்லை, ஆய்வு வெளியீடுகள் இல்லை. இரண்டும் உண்மை. வேலை நேரத்தில் ஆராய்ச்சி மாணவர்களின் துண்டுகளை வெட்டி, தேய்த்து, உலை பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு வெளியீடு எங்கிருந்து வரும்? அவர் தயார் செய்த துண்டுகளின் படங்கள் எத்தனையோ கட்டுரைகளில் வந்திருக்கின்றன. அந்தக் கட்டுரைகளின் ஆசிரியர்கள் சிலர் உங்கள் விருதுப் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்கள் தகுதியானவர்கள்தான், அதில் எனக்குக் குறை இல்லை.

இரண்டாவது ஆண்டு பரிந்துரைத்தவர் ஓய்வுபெற்ற கண்ணாடி ஊதுநர். ஆய்வகங்களுக்குக் கண்ணாடிக் குழாய்களும் குடுவைகளும் செய்து கொடுத்தவர். இயற்பியலாளர்கள் லாரன்ஸ் பிராக்கும் ஜான் நையும் 1947-இல் சோப்புக் குமிழிகளை வைத்துப் படிகத்தின் அமைப்பைக் காட்டிய முறையை எங்கள் பிள்ளைகளுக்குச் செய்துகாட்ட ஆசைப்பட்டேன். தட்டில் சோப்புத் தண்ணீர், அதன்மேல் ஒரே அளவுக் குமிழிகள் தேன்கூடு மாதிரி ஒட்டி அடுக்கும். ஒரு அடுக்கு இன்னொரு அடுக்கைச் சந்திக்கும் இடத்தில் எல்லைக்கோடு தெரியும், தட்டை லேசாக அசைத்தால் வரிசையில் இருக்கும் பிசகு ஓடுவதும் தெரியும். உலோகம் வளையும்போது உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் குமிழிகள் ஒரே அளவாக இருந்தால்தான் அடுக்கும். நான் வாங்கிய எந்த ஊசியும் அப்படி ஊதவில்லை. பெரிதும் சிறிதுமாகக் கலந்து வந்து வெறும் நுரையாகத்தான் நின்றது. இவர் கண்ணாடிக் குழாயைச் சுடரில் இழுத்து, மயிரிழை மாதிரி முனை செய்து கொடுத்தார். ஒன்று உடைந்தால் என்று சொல்லி ஐந்து செய்தார். அன்றைக்கு வகுப்பில் இருந்த பிள்ளைகள் முப்பது பேர் இருக்கலாம். உங்கள் அலுவலகம் எழுதியது: பயன்பெற்றோர் எண்ணிக்கை குறைந்தபட்ச வரம்பை எட்டவில்லை. அந்த ஐந்து முனைகளில் இரண்டு இன்னும் எங்களிடம் இருக்கின்றன. ஒவ்வொரு ஆண்டும் புதிய வகுப்பு அவற்றைக் கொண்டுதான் குமிழி ஊதுகிறது.

மூன்றாவது, ஒரு வார்ப்புத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருக்கும் பெண். அவரைப் பிள்ளைகள் நேரில் பார்த்ததே ஒரு முறைதான். ஆனால் ஆண்டுக்கு இரண்டு முறை அவரிடமிருந்து பள்ளிக்கு ஒரு பெட்டி வரும். உள்ளே எல்லாம் உடைந்தவை. ஒடிந்த போல்ட், இரண்டாகப் போன அச்சுத் தண்டு, பல் போன பற்சக்கரம், இழுத்துப் பார்த்துக் கிழிக்கப்பட்ட சோதனைத் துண்டு. பழைய இரும்புக்குப் போக வேண்டியவற்றிலிருந்து மேலாளரிடம் அனுமதி கேட்டுப் பொறுக்கி எடுத்து, உடைந்த முகத்தில் துருப் பிடிக்காமல் எண்ணெய் தடவி, தாளில் சுற்றி, ஒவ்வொன்றோடும் கையால் எழுதிய துண்டுச்சீட்டு வைத்து அனுப்புவார். சீட்டில் விடை இருக்காது. "இது ஒரே நாளில் உடைந்ததா, பல நாளாக உடைந்ததா?" என்று ஒரு கேள்வி மட்டும் இருக்கும்.

பிள்ளைகள் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். பல நாளாக உடைந்ததில் ஒரு மூலையிலிருந்து கிளம்பி வளைவு வளைவாகக் கோடுகள் பரவும், அலை ஒதுங்கிய மணலைப் போல. ஒவ்வொரு கோடும் விரிசல் எங்கே நின்றது, எங்கிருந்து மீண்டும் நகர்ந்தது என்று சொல்லும். கடைசியாக ஒரேயடியாகப் பிய்ந்த பகுதி சொரசொரப்பாக இருக்கும். இழுத்து உடைத்த மென்மையான எஃகில் ஒரு பாதி கிண்ணம் போலவும் இன்னொரு பாதி கூம்பு போலவும் இருக்கும். எளிதில் நொறுங்கும் வார்ப்பிரும்பில் அந்த இழுபட்ட தடமே இருக்காது. உடைந்த பொருளைக் குப்பை என்று பார்த்த கண், அதை வாசிக்கப் பழகுகிறது. எங்கள் மாணவி ஒருத்தி தன் சைக்கிள் பெடல் ஒடிந்தபோது அழுவதை விட்டுவிட்டு அந்த ஒடிந்த முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது போன மாதமே தொடங்கிவிட்டது டீச்சர் என்று என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். அவள் சொன்னது சரி.

இந்தப் பரிந்துரைக்கு நீங்கள் சொன்ன காரணம், செயல்பாடு எந்த நிறுவனத்தின் சார்பிலும் நடக்கவில்லை, விளைவை அளவிட வழியில்லை. படித்தபோது எனக்கு வருத்தத்தைவிட வியப்புதான் வந்தது. இந்தத் துறையே உடைந்ததைப் படித்து வளர்ந்த துறை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கட்டிய கப்பல்களில் சில குளிர்ந்த கடலில் திடீரென்று பிளந்தன. 1943-இல் ஒன்று துறைமுகத்தில் நின்றபடியே இரண்டாகப் பிளந்தது. அந்த எஃகு குளிரில் ஒடியும் தன்மைக்கு மாறுவதை உலோகவியலாளர் கான்ஸ்டன்ஸ் டிப்பர் ஆராய்ந்து காட்டினார். உடைந்த துண்டைக் கவனிக்கக் கற்றுத்தருகிறவரை விளைவு இல்லாதவர் என்று இந்தத் துறையின் சங்கமே சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போது நான் உங்களுக்குச் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

இவர்கள் யாரும் விருதுக்காகச் செய்யவில்லை, பிறகு எதற்கு விருது என்று உங்களில் ஒருவர் என்னிடம் தொலைபேசியில் கேட்டார். கேட்ட விதத்தில் மரியாதை இருந்தது. அன்று எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன். அந்தச் சான்றிதழ் அவர்களுடைய சுவரில் மாட்டுவதற்காக எனக்கு வேண்டியதில்லை. அவர்கள் தங்கள் மேலதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்டுவதற்காக வேண்டும்.

ஆய்வக உதவியாளர் ஆறு சனிக்கிழமைகள் உலையைப் பற்றவைத்தது அவருடைய பொறுப்பில். எழுத்தில் அனுமதி எதுவும் இல்லை. துறைத் தலைவராக இருந்தவர் நல்ல மனிதர், கண்டுகொள்ளாமல் இருந்தார். தலைவர் மாறினார். பள்ளிப் பிள்ளைகள் எதற்கு உலைக்குப் பக்கத்தில், ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாகக் காட்ட ஒரு தாள்கூட எங்களிடம் இல்லை. இது இந்தத் துறையின் சங்கம் மதிக்கும் வேலை, இதை இப்படி இப்படிப் பாதுகாப்பாகச் செய்கிறார்கள் என்று உங்கள் தலைப்புத்தாளில் நாலு வரி இருந்திருந்தால் பேச்சு வேறு மாதிரிப் போயிருக்கும். சனிக்கிழமைகள் நின்றன. சில மாதங்களில் அவர் ஓய்வுபெற்றார். அவருக்குப் பின் வந்தவர் இளைஞர், ஆர்வம் உள்ளவர். நான் போய்க் கேட்டேன். "என் வேலைப் பட்டியலில் அது இல்லையே டீச்சர், நான் எப்படிச் செய்வது?" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. முன்னவர் செய்ததற்குப் பெயர் இருந்திருந்தால், பதிவு இருந்திருந்தால், அது அவருடைய பட்டியலிலும் ஏறியிருக்கும். இருபது ஆண்டுக் கைப்பழக்கம் ஒரு மனிதரோடு வீட்டுக்குப் போய்விட்டது. அதற்குப் பிந்தைய வகுப்புகளில் ஒரு பிள்ளைகூட எஃகை நுண்ணோக்கியில் பார்க்கவில்லை.

பெட்டி அனுப்பும் பெண்ணுக்கும் இதே நிலைமைதான். மேலாளர் இன்று சரி என்கிறார். நாளை வேறொருவர் வந்து, தொழிற்சாலைப் பொருள் ஏன் வெளியே போகிறது என்று கேட்டால் பெட்டி நின்றுவிடும்.

பின்னால் நின்று உதவியவர்களின் பெயரைப் பதிவு செய்வதைப் பெரிய அறிவியலாளர்கள் செய்யாமல் இல்லை. மைக்கேல் ஃபாரடே 1820-களின் பிற்பகுதியில் ஒளியியல் கண்ணாடி உருக்கும் சோதனைகளில் ஈடுபட்டிருந்தபோது உலையைப் பார்த்துக்கொள்ள சார்லஸ் ஆண்டர்சன் என்ற முன்னாள் பீரங்கிப் படைச் சார்ஜண்ட் வந்து சேர்ந்தார். கண்ணாடி வேலை முடிந்த பிறகும் போகவில்லை, ஏறக்குறைய 40 ஆண்டுகள் அந்த ஆய்வகத்திலேயே இருந்தார். லண்டனில் ஃபாரடே வேலை பார்த்த ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் 1825-இல் தொடங்கிய இளையோருக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளில் ஃபாரடே மேசைக்கு முன்னால் நின்று பேசியபோது, பொருட்களைத் தயார் செய்து எடுத்துக் கொடுத்தவர் அவர். ஃபாரடே தன் ஆய்வுக் கட்டுரைத் தொடரில் ஒரு அடிக்குறிப்பு போட்டு, இவர் பெயரைச் சொல்லி, இவருடைய கவனத்துக்கும் நிதானத்துக்கும் விசுவாசத்துக்கும் கடன்பட்டிருப்பதாக எழுதினார். ஒரு அடிக்குறிப்புதான். அதனால்தான் ஆண்டர்சன் என்ற பெயரை இன்று நான் உங்களுக்கு எழுத முடிகிறது. அதே ஃபாரடே புத்தகம் கட்டும் கடையில் பயிற்சியாளராக இருந்தபோது, 1812-இல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளுக்கு நுழைவுச்சீட்டு கொடுத்தவர் வில்லியம் டான்ஸ் என்ற வாடிக்கையாளர். அவர் ஒரு இசைக்கலைஞர். உங்கள் படிவத்தில் டான்ஸையும் எழுத முடியாது, ஆண்டர்சனையும் எழுத முடியாது.

அமெரிக்காவில் இருக்கும் ஏஎஸ்எம் இன்டர்நேஷனல் என்ற பொருளறிவியல் சங்கத்தின் கல்வி அறக்கட்டளை 2000-ஆம் ஆண்டிலிருந்து பள்ளி மாணவர்களுக்கான பொருளறிவியல் முகாம்களை நடத்துகிறது. அதில் வழிகாட்டிகளாக நிற்பவர்கள் தன்னார்வலர்கள். உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கென்று தனி விருதும் அங்கே இருக்கிறது. அது நல்ல முன்மாதிரி. ஆனால் நான் கேட்பது ஆசிரியர்களுக்கான விருது இல்லை. எங்களுக்கு வகுப்பு இருக்கிறது, பதவி இருக்கிறது, பிள்ளைகளின் நன்றியும் நேரடியாகக் கிடைக்கிறது. எங்களுக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு இதில் எதுவும் இல்லை.

விதிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யார் வேண்டுமானாலும் யாரையும் பரிந்துரைக்கலாம் என்றால் தெரிந்தவர்களுக்குள் பங்குபோடும் விழாவாகிவிடும், அதை நானும் விரும்பவில்லை. சான்று கேளுங்கள். சரியான சான்றைக் கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கை, அவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள், பெற்ற நிதி, அரங்கில் உட்கார்ந்த தலைகளின் எண்ணிக்கை என்று இப்போது கேட்கிறீர்கள். ஒரு மணி நேர உரையை ஐந்நூறு பேர் கேட்டால் அது உங்கள் கணக்கில் பெரியது. பதினோரு பேர் ஆறு வாரம் தேய்த்துத் தேய்த்துக் கற்றது சிறியது. உரைகளைக் குறைத்துச் சொல்லவில்லை. எந்தப் பிள்ளைக்கு எது திறக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆனால் கையில் கொப்புளம் வந்தாலும் அடுத்த தாளை எடுத்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், அவர்களை எண்ணிக்கையில் தோற்கடிப்பது நியாயமில்லை. அந்தப் பதினொருவரில் இருவர் இன்று உலோகவியல் படிக்கிறார்கள். ஒருத்தி பல் மருத்துவத்துக்குப் போனாள், பல்லில் வைக்கும் பொருள் ஏன் விரிசல் விடுகிறது என்று எனக்கு நீளமாக எழுதுகிறாள். நேரம் மட்டும்தான் வித்தியாசமா என்று கேட்ட பையன் பட்டறையில் வேலை பார்க்கிறான். அவன்தான் அந்த உதவியாளரை இன்னும் அடிக்கடி போய்ப் பார்க்கிறவன்.

நான் கேட்பவை இவை.

முதலில், சான்றிதழை நிறுத்தும் முடிவைத் திரும்பப் பெறுங்கள். உங்கள் அடுத்த பொதுக்குழுவிலேயே இதை எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்க முடியாது என்றால், எந்த விவாதத்தின் அடிப்படையில் முடிவு செய்தீர்கள், எத்தனை பரிந்துரைகள் வந்தன, எத்தனை எந்தக் காரணத்துக்காகத் திருப்பப்பட்டன என்பதை உறுப்பினர்களுக்கு வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

தகுதி விதிகளிலிருந்து பட்டம், வெளியீடு, நிதி, குறைந்தபட்ச எண்ணிக்கை ஆகிய நான்கையும் இந்தப் பிரிவுக்கு மட்டும் நீக்குங்கள். அவற்றுக்குப் பதிலாக, வேலை நடந்த நாட்களின் குறிப்பு, அதை நேரில் பார்த்த ஒரு ஆசிரியரின் கடிதம், அதில் கற்ற மாணவர்கள் குறைந்தது இரண்டு பேரின் கடிதம் கேளுங்கள். இரண்டு மூத்த உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டும் என்ற விதியையும் எடுத்துவிடுங்கள். கண்ணாடி ஊதுநருக்கு உங்கள் மூத்த உறுப்பினர்கள் யாரையும் தெரியாது.

தேர்வுக் குழுவில் ஒரு பள்ளி ஆசிரியரும் ஒரு ஆய்வக உதவியாளரும் உட்கார இடம் கொடுங்கள். உலைக்கு முன்னால் நின்றவருக்குத்தான் இன்னொருவர் அங்கே என்ன செய்தார் என்று புரியும்.

சான்றிதழோடு ஒரு கடிதம் அனுப்புங்கள். அது விருது பெறுபவருக்கு இல்லை, அவர் வேலை செய்யும் இடத்தின் தலைமைக்கு. இன்னார் இன்ன வேலையைச் செய்கிறார், சங்கம் அதை மதிக்கிறது, இது தொடர உதவுங்கள் என்று அதில் இருக்கட்டும். பள்ளிப் பிள்ளைகள் ஆய்வகத்துக்கு வரும்போது கடைப்பிடிக்க வேண்டிய பாதுகாப்பு நெறிமுறை ஒன்றைத் தயாரித்து அதோடு இணையுங்கள். உலைக்கு எவ்வளவு தூரம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, அமிலத்தை யார் தொடலாம், எத்தனை பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்பதெல்லாம் உங்களுக்கு எழுதத் தெரியும். யார் பொறுப்பு என்று கேட்கும் தலைவர்களுக்கு அது பதிலாக இருக்கும். ஒருவேளை இந்த மடலில் ஒன்றை மட்டும்தான் ஏற்க முடியும் என்றால், தயவுசெய்து இதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்றவர்களிடம் இருக்கும் கைப்பழக்கத்தைப் பதிவு செய்ய ஏற்பாடு செய்யுங்கள். நான் இப்போதே அந்த உதவியாளர் வீட்டுக்குப் போய் அவர் சொல்வதை நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 64 பக்கம் ஆகியிருக்கிறது. சங்கம் கேட்டால் தருவேன், அவருடைய பெயரோடு வெளியிட வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

கடைசியாக, திருப்பி அனுப்பிய மூன்று பரிந்துரைகளையும் மறுபடி எடுத்துப் படியுங்கள். கண்ணாடி ஊதுநருக்கு வயது 78. அவருக்கு இந்த ஆண்டே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பள்ளி அறிவியல் ஆசிரியை